சிங்கப்பூரில் படித்ததும் திருத்தங்கலில் படித்ததும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடை எனக்குப் புதிதல்ல. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரி விழாவில் கட்டபொம்மன் வேஷம் போட்டு இதே இடத்தில் நின்றேன். ஜாக்சன் துரையைப் பார்த்து உறுமும் நேரத்தில் மீசையின் ஒரு பக்கம் கழன்று உதட்டில் தொங்கியது. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்களில் மூன்று பேர் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் இன்று மீசை இல்லாமலே வந்திருக்கிறேன்.

செயலாளர் அண்ணாச்சி எனக்கு எழுதிய கடிதத்தில், "வெளிநாட்டுப் படிப்பு, நட்பு, முன்னேற்றம் ஆகியவை பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும்" என்று கேட்டிருந்தார். முன்னேற்றம் பற்றிப் பேச நான் சரியான ஆள் இல்லை அண்ணாச்சி. பட்டாசுக் கடையில் கணக்கு எழுதும் என் தம்பி என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். மற்ற இரண்டையும் பற்றிச் சொல்கிறேன். சொல்லச் சொல்ல இரண்டும் ஒன்றாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீடு சிவகாசியில். அம்மா முதலில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினார். பிறகு பட்டாசு ஆபீஸில் சரம் பின்னினார். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். முதலாம் ஆண்டில் ஒரு பேராசிரியர் "அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்க, நான் "ஆபீஸுக்குப் போறாங்க சார்" என்று சொல்ல, அவர் என் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைச் சந்தேகத்தோடு இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

கல்லூரிக்குத் தினமும் பஸ். நான் சிவகாசியில் ஏறுவேன். திருத்தங்கலில் என் நண்பன் ஏறுவான். பையைப் போட்டு அவனுக்கு இடம் பிடித்து வைப்பது என் வேலை. டிபன் பாக்ஸில் பாதி எனக்குத் தருவது அவன் வேலை. அவன் அம்மா வைக்கும் சீனியவரைக்காய் வத்தல் போட்ட புளிக்குழம்பு இருக்கிறதே, மூன்று வருஷம் நான் உயிர் வாழ்ந்தது அதனால்தான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், அது அவன் போட்ட நிபந்தனை. நாங்கள் ஒருவரை ஒருவர் 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவோம், அப்படியே வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் மதியம் வகுப்பில் இருக்கும்போது அவனுக்கு ஆள் வந்தது. அவன் அம்மா வேலை செய்த ஆபீஸில் விபத்து. எந்த ஆபீஸ், எந்த வருஷம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மணிமருந்து உரசியதில் வந்தது என்றார்கள். ஜி.எச். வாசலில் விடியும்வரை அவனோடு நான் இருந்தேன். அவன் ஒன்றுமே பேசவில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

டிகிரி முடித்ததும் நான் கணக்கு எழுதப் போகவில்லை, வீதி நாடகம் போடப் போய்விட்டேன். வீட்டில் பெரிய சண்டை. தாத்தா மட்டும் என் பக்கம். சாத்தூர் பிச்சைக்குட்டியின் வில்லுப்பாட்டு என்றால் படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தியாகி விசுவநாததாஸ் பற்றியும் அவர்தான் எனக்குச் சொன்னார். 1886-இல் நம் சிவகாசியில் பிறந்தவர். நாடக மேடையிலேயே சுதந்திரப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டவர். "அந்த ஊர்ல பொறந்துட்டு நடிக்கப் போறான்னு அழுதா எப்படி?" என்று தாத்தா அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கதையின் கடைசிப் பகுதிதான் பயமாக இருந்தது.

மதுரையில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போன இடத்தில் சிங்கப்பூரில் ஒரு நடிப்புப் பள்ளி இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சீன வம்சாவளி நாடகாசிரியர் குவோ பாவ் குன் என்பவரும், டி. சசிதரன் என்னும் சிங்கப்பூர்க்காரரும் சேர்ந்து 2000-இல் தொடங்கியது. பின்னாளில் இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் மாறியது. மூன்று வருஷப் படிப்பு. பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பார்கள். ஜப்பானின் நோ நாடகம், கேரளத்தின் கூடியாட்டம், சீனத்தின் பெய்ஜிங் ஆப்பிரா, ஜாவாவின் வாயாங் வோங் இந்த நான்கையும் அந்தந்த மரபின் ஆசிரியர்களிடமே கற்றுக்கொள்ள வேண்டும். தேர்வுக்குப் போனேன், எடுத்துக்கொண்டார்கள். பணம் எப்படி என்று கேட்பீர்கள். பாதி உதவித்தொகை, மீதி அக்காவின் நகை. அந்த நகை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

புறப்படும்போது தெருவில் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். உங்களுக்கும் தெரிந்ததுதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த ஊரில் அதிலிருந்துதான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு எல்லாம் வந்தது. "அவங்க மாதிரி நீயும் போய்ட்டு வா" என்று வாழ்த்தினார்கள். எனக்கு அப்போது தோன்றியது வேறு. அவர்கள் இரண்டு பேராகப் போனார்கள், நான் ஒற்றை ஆளாகப் போகிறேன். பிற்காலத்தில் அணில் மார்க், காக்கா மார்க் என்று அவர்கள் தனித்தனியாகத் தொழில் செய்தாலும், கல்கத்தாவில் ராத்திரி சாப்பிடும்போது தமிழில் பேச ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருக்கும்.

சிங்கப்பூரில் தமிழுக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். அது அங்கே ஆட்சிமொழி, ரயில் நிலையப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, சிராங்கூன் சாலையில் நின்றால் நம் மேலரத வீதி மாதிரி சத்தம். ஆனால் வகுப்பில் தமிழ் பேச ஆள் இல்லை. என் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று இங்கே இருக்கும் ஆங்கிலத் துறைக்கு நன்றாகத் தெரியும். முதல் மூன்று மாதம் நான் ஊமை. அங்கே அவரவர் தாய்மொழியிலேயே வசனம் பேசி நடிக்கலாம் என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

குவோ பாவ் குன்னை நான் பார்த்ததில்லை, 2002-இல் காலமாகிவிட்டார். 1976-இல் விசாரணையின்றிப் பிடித்து நான்கு வருஷத்துக்கு மேல் சிறையில் வைக்கப்பட்டவர். வெளியே வந்து 1988-இல் ஒரு நாடகம் போட்டார். ஒரு சீனப் பாட்டி தன் பூனையைத் தேடி அலையும் கதை. அதில் பல மொழிகள் கலந்து வரும். பெற்ற பிள்ளைகளோடு பேச அந்தப் பாட்டிக்கு மொழி இல்லை. அவர்கள் இங்கிலீஷுக்கும் மாண்டரினுக்கும் போய்விட்டார்கள். வழியில் ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்திக்கிறாள். அவருக்கும் பூனைதான் பாடு. அவள் ஹொக்கியன், அவர் தமிழ், ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஓர் எழுத்துகூடப் புரியாது. ஆனாலும் கையாலும் முகத்தாலும் பூனையைப் பற்றிப் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். அந்தக் காட்சியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் வகுப்புத் தோழர்களோடு பேசப் பயப்படாமல் இருந்தேன்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நோ நாடகத்தில் முதலில் நடைதான். வெள்ளை உறை போட்ட பாதத்தைத் தூக்காமல், தரையோடு தரையாக இழுத்து நடக்க வேண்டும். குதிகால் தரையை விடக்கூடாது, உடம்பு மேலும் கீழும் ஆடக்கூடாது. எனக்கு வரவே இல்லை. வாரக்கணக்கில் முயற்சி செய்தும் கால் தானாகத் தூக்கிக்கொண்டது. ஏன் என்று ஒரு ராத்திரி படுத்திருக்கும்போதுதான் புரிந்தது. சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அம்மாவுக்குச் சோறு கொண்டு போவேன். கேட்டில் நிற்கும்போதே, "காலைத் தேய்க்காம நட, உரசாத" என்று அதட்டுவார்கள். மருந்து ரூமில் எதையும் உரசக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். செருப்பு வெளியே. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்க வேண்டும். இருபது வருஷமாக உரசாதே என்று கேட்ட காலிடம் திடீரென்று உரசு என்றால் அது எப்படிக் கேட்கும்? இதை அரைகுறை ஆங்கிலத்தில் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னைத் திருத்துவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். கால் தானாக ஒரு நாள் இறங்கியது.

கூடியாட்டம் வேறு மாதிரி. கண்ணைத் திருப்பத் திருப்பத் தலைவலி. ஒரே ஒரு செய்யுளை மணிக்கணக்காக விரித்து நடிப்பார்கள். மற்ற இரண்டிலும் நான் சுமார், அதை விட்டுவிடுவோம்.

இப்போது நட்புக்கு வருகிறேன். என் வகுப்பில் மலேசியாவிலிருந்து ஒரு சீனப் பெண் படித்தாள். ஊர் கோலாலம்பூர் பக்கத்தில் சுங்கை பூலோ. முதல் தீபாவளிக்கு எல்லோரையும் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனேன். தெரு முழுக்க விளக்கு, ஆனால் வெடிச் சத்தமே இல்லை. சிங்கப்பூரில் 1970 சீனப் புத்தாண்டில் வெடி வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அதன்பின் கட்டுப்பாடு வந்து, 1972-இல் முழுத் தடை போட்டுவிட்டார்கள். மக்கள் வெடி இல்லாமல் புத்தாண்டு கொண்டாடுவது எப்படி என்று வருத்தப்பட, அதற்கு ஈடாக 1973-இல் சிங்கே என்னும் ஆட்டபாட்ட ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். சிங்கம், டிராகன், பொய்க்கால் ஆட்டம் எல்லாம் உண்டு. வெடியை நிறுத்தினால் கலைஞனுக்கு வேலை கிடைக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சிவகாசியில் இதைச் சொன்னால் அடிதான் விழும்.

அன்று ராத்திரி நான் பெருமையாக, "நீங்கள் வெடிக்கும் வெடியெல்லாம் எங்கள் ஊரில் செய்தது" என்று அளந்துகொண்டிருந்தேன். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவள் மட்டும் தள்ளி நின்றாள். பிறகு சொன்னாள். 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். அவள் பிறக்குமுன் நடந்தது. ஆனால் அவள் பாட்டி அந்தத் தேதி வந்தால் இன்னும் அந்தப் பக்கச் சாலையில் போக மாட்டாளாம். "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டாள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்று சொன்னேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. அதிலிருந்து நாங்கள் நல்ல நண்பர்கள். அவள் எனக்கு இங்கிலீஷ் திருத்துவாள், நான் அவளுக்கு ரசம் வைத்துத் தருவேன்.

மூன்றாம் ஆண்டில் நான் தனி நடிப்பாக ஒன்று செய்ய வேண்டி வந்தது. எதை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. மாப்ளையின் அம்மாவை எடுத்தேன். சேலை கட்டிக்கொண்டு, நோ நடையில் மெல்ல மருந்து ரூமுக்குள் போவது போல் தொடங்கி, கண்ணில் கூடியாட்டம் காட்டி, கடைசியில் நெருப்போடு வெளியே ஓடி வந்து விழுவேன். ஒத்திகை பார்த்த அந்த மலேசியத் தோழி ஒரே கேள்விதான் கேட்டாள். "உன் நண்பனிடம் கேட்டாயா?"

நான் கேட்கவில்லை. அவளுக்குப் பெரிதாகப் பதில் சொன்னேன். நான் அவனோடு ஜி.எச். வாசலில் இருந்தவன், எனக்கு இல்லாத உரிமையா, இது உலகத்துக்குத் தெரிய வேண்டிய கதை என்றெல்லாம். அவள் மறுபடி கேட்கவில்லை. பாட்டியிடம் கேட்கத் தைரியம் வராததால்தான் சுங்கை பூலோ பற்றித் தானே இதுவரை எதுவும் செய்யவில்லை என்று மட்டும் சொன்னாள். அதை நான் கோழைத்தனம் என்று நினைத்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். பார்த்தவர்களில் யாரோ செல்போனில் எடுத்த கடைசி மூன்று நிமிடம் எப்படியோ சுற்றிச் சுற்றி ஊருக்கு வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து மாப்ளையிடமிருந்து ஒரு செய்தி.

"எங்கம்மா ஓடல மாப்ளே. உக்காந்த எடத்துலயே போயிட்டாங்க. நீ ஓட வச்சிட்ட."

அவ்வளவுதான். நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஒன்றரை வருஷம் அவன் என்னிடம் பேசவில்லை. நான் பட்டம் வாங்கியதற்குத் தெருவில் தட்டி வைத்தார்கள். திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது ஊரும் பழையபடி இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று வந்த உச்ச நீதிமன்ற உத்தரவில் சரவெடிக்குத் தடை. என் அம்மா கைக்கு வேலை போனது. இருபது வருஷம் சரம் பின்னிய விரல், டி.வி. பார்க்கும்போதுகூடச் சும்மா இருக்காமல் சேலைத் தலைப்பைப் பின்னிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. யாராவது ஒருத்தன் என் அம்மாவை மேடையில் காட்டினால், இந்த விரலைக் காட்டாமல் நெருப்பை மட்டும் காட்டினால், நான் அவனைச் சும்மா விடுவேனா?

மறுநாளே திருத்தங்கல் போனேன். மாப்ளே ஒரு பிரஸ்ஸில் காலண்டர் செக்ஷனில் இருக்கிறான். சீசன் நேரம். தினசரி காலண்டர் தாள் மலை மாதிரி குவிந்து கிடந்தது. என்னைப் பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே உட்கார்ந்து அவன் செய்வதைப் பார்த்துத் தாள் அடுக்க ஆரம்பித்தேன். ஏழெட்டுக் கட்டு முடிந்திருக்கும். அப்புறம்தான் பேசினான்.

"ஜி.எச். வாசல்ல நீ இருந்த, இல்லைங்கல. எங்கம்மா வச்ச கொழம்ப மூணு வருஷம் தின்னியே, அதப் பத்தி ஒரு வார்த்த அதுல இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

"இருவத்திரண்டு வருஷம் வேல பாத்தாங்க. ரூம்ல அவங்க பாட ஆரம்பிச்சா பக்கத்து ரூம்ல இருந்து எசப்பாட்டு வரும். போர்மேன் வந்து சத்தம் போடுற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. சீட்டு கட்டி எனக்கு பீஸ் கட்டுனாங்க. அதுல ஒண்ணுகூட உனக்குத் தெரியாது. ஏன்னா நீ கேக்கல."

இடையில் டீ வந்தது. எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கச் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். "அத விடு, அந்தக் கட்டுல பிப்ரவரி ரெண்டு தடவ வச்சிருக்க, எடு" என்றான்.

அந்த நடிப்பை நான் பிறகு எங்கேயும் செய்யவில்லை. வெளியூர் விழா ஒன்றில் கேட்டார்கள், நல்ல பணம், மறுத்துவிட்டேன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டும் நாடகமும் சொல்லித் தருகிறேன். ஆபீஸ்களில் பெண்கள் பாடிய பாட்டுகளை, பாடியவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். சில வீடுகளில் பாடுவார்கள், சில வீடுகளில் "அதெல்லாம் எதுக்குத் தம்பி?" என்று கதவைச் சாத்துவார்கள். சாத்தினால் திரும்பி வந்துவிடுவேன். மலேசியத் தோழி போன பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்திருந்தாள். பொருட்காட்சி பார்த்தாள், எண்ணெய்ப் புரோட்டா நான்கு சாப்பிட்டாள், இரண்டு நாள் படுத்துவிட்டாள். ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டுவிட்டாளாம். பாட்டி கோபப்படவில்லை, மூன்று மணி நேரம் பேசினாளாம்.

போன ஆடி அமாவாசைக்கு மாப்ளே என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். அம்மா படத்துக்குப் படையல். அவன் தங்கச்சி சீனியவரைக்காய் வத்தல் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். உப்புக் கொஞ்சம் கூட. நாங்கள் யாரும் சொல்லவில்லை, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டோம்.

இந்தப் பேச்சை எழுதியதும் முதலில் அவனிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரஸ் வாசலில் நின்றே படித்தான். பேர் வேண்டாம் என்றான். நடுவில் ஒரு வரியைப் பேனாவால் அடித்தான். அந்த வரியை நான் இங்கே சொல்லவில்லை.

தம்பிகள் யாரும் திரும்பித் திரும்பித் தேட வேண்டாம். அவன் வரவில்லை, பிரஸ்ஸில் இன்றைக்கு ஓவர்டைம். எனக்குக் கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவனுக்கும் ஒன்று சேர்த்துக் கொடுத்தால் நான்கு மணி பஸ்ஸில் திருத்தங்கலில் இறங்கிக் கொடுத்துவிடுவேன், அண்ணாச்சி.